பாதம் சிவந்து எரிகிறது, ஐஸில் வைத்தால்தான் அடங்குகிறது: என்ன நோய்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கருவாடு காயவைக்கும் உங்கள் அம்மாவுக்குச் சாயங்காலமானால் இரண்டு பாதமும் சிவந்து, சுட்டு, எரிகிறது, சர்க்கரை இல்லை, மீன்பெட்டி ஐஸில் காலை வைத்துத்தான் தூங்குகிறார் என்கிறீர்கள்.

முதலில் அந்த ஐஸை நிறுத்துங்கள். நம் கடற்கரையில் ஐஸ் எளிதாகக் கிடைப்பதுதான் ஆபத்து. தோல் ஊறி வெடித்து, ஆறாத புண்ணாகும். காலை எடுத்ததும் எரிச்சல் கூடும். மின்விசிறிக் காற்றும், காலை உயர்த்தி வைப்பதும் போதும்.

இது எரித்ரோமெலால்ஜியா போலத் தெரிகிறது. 1878-ல் அமெரிக்க டாக்டர் வெயர் மிட்செல் பெயரிட்ட அரிய நோய். சூட்டில் கிளம்பும், குளிரில் அடங்கும், கிளம்பும்போது சிவக்கும். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலில் பொதுவாக இந்தச் சிவப்பு இருக்காது. காலையில் டாக்டரிடம் போனால் பாதம் சாதாரணமாகவே இருக்கும், அவரும் நம்பமாட்டார். அதனால் எரியும் நேரத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

முழு ரத்த அணுப் பரிசோதனை அவசியம். தட்டணுக்கள் 4.5 லட்சத்துக்கு மேலோ, சிவப்பணுக்கள் மிகுதியாகவோ இருந்தால் எலும்பு மஜ்ஜைக் கோளாறு காரணமாக இருக்கலாம். அந்த வகைக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் நன்றாகவே கேட்கும். ஆனால் டாக்டர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

எஸ்சிஎன்9ஏ மரபணு மாற்றத்தால் வருவது பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்கும். வலி நரம்பில் சைகையைக் கிளப்பும் கதவான சோடியம் வாயில் சிறு தூண்டலுக்கும் திறந்துகொள்ளும். லிடோகெய்ன் பட்டை, கபாபென்டின், மெக்சிலெட்டின் என்று மருந்துகளை ஒவ்வொன்றாக முயன்றுதான் பார்ப்பார்கள்.

பிரஷருக்கு நிஃபெடிபின் சாப்பிடுகிறாரா? அதுவும் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மணல் சுடும் முன்பே கருவாட்டைப் பரப்பி முடிக்கச் சொல்லுங்கள்.