வாசகர் கேள்வி – பதில்: பேம் என்ற குழலிசைக் கலைஞர்

கேள்வி: மேற்கத்திய ஃப்ளூட்டை 'பேம் சிஸ்டம்' என்கிறார்களே, அந்த பேம் குழல் செய்தவர் மட்டும்தானா? வாசிக்கவும் தெரிந்தவரா?

பதில்: வாசிப்புதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. தியோபால்ட் பேம் 1794-இல் மியூனிக்கில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தார். 1818 முதல் 1848 வரை அங்கே அரசவை இசைக்குழுவில் வாசித்தார். 1828-இல் சொந்தப் பட்டறை வைத்தார்.

1831-இல் லண்டனில் சார்லஸ் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயக் குழல் கலைஞர் வாசித்ததைக் கேட்டார். நிக்கல்சனின் குழலில் துளைகள் பெரியவை, நாதமும் பெரியது. தன் குழலில் அந்த வலு வராது என்று பேமுக்குப் புரிந்தது. பழைய குழல்களில் விரல் எட்டும் இடத்தில்தான் துளை இருக்கும். ஒலியியல்படி அது வேறிடத்தில் இருக்க வேண்டும். அதனால் சில ஸ்வரங்கள் மங்கும், சில சுருதி விலகும். துளைகளைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, விரலால் எட்டாதவற்றை, விரல் அழுத்தினால் இயங்கும் வளையச் சாவிகளால் மூடும் குழலை 1832-இல் செய்தார்.

அதோடு விட்டிருந்தாலே பெரிய சாதனைதான். ஆனால் 50 வயதுக்கு மேல் ஒலியியல் படித்து, 1847-இல் உலோகக் குழலை உருவாக்கினார். உடல் நேர் உருளை, உள்விட்டம் 19 மி.மீ.; தலைப்பகுதி மட்டும் 17 மி.மீ. வரை குறுகும். 20 மி.மீ. வைத்தபோது கீழ் ஸ்தாயிகள் செழித்தன, உச்ச ஸ்வரங்கள் திணறின. அதனால்தான் 19. சொந்த நாட்டு இசைக்குழுக்கள் இதை ஏற்கத் தயங்கின, பிரான்ஸ் முந்திக்கொண்டது.

கேள்வி: என் ஃப்ளூட்டில் கீழ் ஸ்தாயி சேர்கிறது, மேல் ஸ்தாயி மட்டும் சுருதி ஏறுகிறது. ஏன்?

பதில்: முதலில் ஊதும் வேகத்தைப் பாருங்கள், மேலே போகப் போக அழுத்தி ஊதினாலும் ஏறும். அது இல்லையென்றால் தலைப்பகுதிக்குள் இருக்கும் தக்கை நகர்ந்திருக்கும். ஊதுதுளையின் நடுவிலிருந்து அது 17 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். துடைக்கும் கோலின் நுனியருகே ஒரு கோடு உண்டு. அந்த நுனியைத் தக்கையில் முட்டும்வரை உள்ளே விடுங்கள். கோடு துளையின் நடுவில் தெரிய வேண்டும். திறந்த முனைப் பக்கம் தள்ளித் தெரிந்தால் தக்கை அருகில் வந்துவிட்டது, உங்கள் கோளாறு அதுதான். தலைப்பகுதியின் மூடிய முனையில் உள்ள திருகு மூடியை மெல்ல இறுக்கினால் தக்கை பின்வாங்கும். மூன்று ஸ்தாயியிலும் 'டி' என்ற மேற்கத்திய ஸ்வரத்தை வாசித்துச் சரிபாருங்கள். கழற்றுவதானால் அகன்ற முனை வழியாக மட்டும்; மறுபக்கம் இழுத்தால் சிக்கிக்கொள்ளும். தானாக வழுக்கும் தக்கை சுருங்கிப்போனது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆசிரியராக பேம் என்ன சொல்லிக்கொடுத்தார்?

பதில்: சுலபமாக வரும் 'சி' ஸ்வரத்தில் தொடங்கு, அது தெளிந்ததும் உதட்டை மாற்றாமல் கட்டைவிரல் சாவியை மூடி 'பி'க்கு இறங்கு, இரண்டும் ஒரே தரத்தில் ஒலித்த பிறகே அடுத்தது. வேகத்தை முதலில் பிடிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பாடல்களை வாசிக்கும்போது வரிகளைத் தெரிந்துகொண்டு, சொல் முடியும் இடத்தில் மூச்செடு, அசைக்கு ஏற்ப நாக்கைத் தட்டு என்பார். சாகித்தியம் தெரியாமல் கீர்த்தனை வாசிக்காதே என்னும் நம் ஆசிரியர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.