அந்த ஆப்ஷனைச் சேர்க்கலாமா?

அன்புள்ள சார்,

ஒரே கோப்பு இரண்டு மூன்று இடங்களில் கிடந்தால் தேடிப் பட்டியலிடும் சின்னக் கட்டளைவரிக் கருவி ஒன்றை எழுதி, ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டேன். இப்போது கோரிக்கைகள் குவிகின்றன. அளவுப்படி வரிசைப்படுத்த வேண்டுமாம், நிறம் வேண்டுமாம், நகல்களை அதுவே அழிக்கவும் வேண்டுமாம். அழிக்கும் வசதிக்கு ஒருவர் முழு நிரலையே எழுதி அனுப்பிவிட்டார். நன்றாகவே ஓடுகிறது. மறுக்க மனம் வரவில்லை, சேர்க்கவும் பயம்.

ம.

அன்புள்ள ம.,

பயம் நியாயமானதுதான். ஒருமுறை உள்ளே வந்ததை அப்புறம் எடுப்பது கடினம். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் நிரல்களைத் தொகுக்க உதவும் மேக் கருவியை எழுதியபோது, அது படிக்கும் கோப்பில் கட்டளை வரிகள் டேப்பில் தொடங்க வேண்டும் என்று வைத்தார். சரியில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று விட்டுவிட்டார். டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் அடித்துவிட்டு விழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதைக் கருவிக்கு வெளியே செய்ய முடியுமா? ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு ஊட்டும் பைப் 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குள் வந்தது இதற்காகத்தானே. வரிசைப்படுத்துவதை சார்ட் கட்டளை பார்த்துக்கொள்ளும். உங்கள் கருவி அளவைக் காட்டினால் போதும். அதையும் தனி ஆப்ஷனாக வையுங்கள். இருக்கிற வெளியீட்டில் கைவைத்தால், அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் திட்டுவார்கள்.

இதற்காக எல்லாவற்றையும் மறுக்கவும் வேண்டாம். கோப்புகளை அப்படியே காட்டும் கேட் கட்டளையில் கூடுதல் ஆப்ஷன்கள் சேர்ந்ததை யூனிக்ஸ் குழுவைச் சேர்ந்த ராப் பைக் 1983இல் கண்டித்துப் பேசினார். அதைப் படித்த வேகத்தில் நானும் கொஞ்ச காலம் ஆப்ஷன் விரோதியாகத் திரிந்தேன். அப்புறம் ஒருநாள் ஒரு கோப்பை சார்ட் செய்து, முடிவை அதே கோப்புக்குத் திருப்பிவிட்டேன். கோப்பு காலி! சார்ட் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அதைத் துடைத்துவிடுகிறது. வெளியீட்டுக் கோப்பின் பெயரை சார்ட்டிடமே சொல்ல ஓர் ஆப்ஷன் இருப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. முழுவதையும் படித்த பிறகே எழுத வேண்டும் என்பது சார்ட்டுக்கு மட்டும்தானே தெரியும்?

அழிப்பதற்கு வருவோம். இரண்டில் எதை அழிப்பது? பழையதை வை என்பார் ஒருவர், பாதை சின்னதாக உள்ளதை வை என்பார் இன்னொருவர், இந்த டைரக்டரியைத் தொடாதே என்பார் மூன்றாமவர். ஓர் ஆப்ஷன் ஐந்தாகும். தவறாக ஒரு கோப்பு போனால் பழி உங்கள் மேல்.

ஆனால் கேட்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. யூனிக்ஸ் கோப்புப் பெயருக்குள் புதுவரி எழுத்துகூட வரலாம். வரிக்கு ஒரு பெயராக அச்சிடும் பட்டியலை நம்பி எப்படி அழிப்பது? பெயருக்குள் வரவே முடியாதது நல் பைட், அதாவது மதிப்பு பூஜ்யமான பைட். ஆகவே பெயர்களை அதனால் பிரித்துத் தரும் ஆப்ஷனைச் சேருங்கள். கோப்புகளைத் தேடும் ஃபைண்டும், பெயர்களை வாங்கி வேறு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸார்க்ஸும் ஏற்கெனவே இப்படித்தான் பேசிக்கொள்கின்றன. அழிப்பதற்கு ஒருவர் அனுப்பிய நிரல் அந்தப் பட்டியலைப் படிக்கும் தனிக் கருவியாகட்டும். உங்கள் ரீட்மீயில் அதற்கு இணைப்புக் கொடுங்கள். இதை இன்றே அவருக்கு எழுதிவிடுங்கள், காக்கவைக்காதீர்கள்.

நிறமா? வெளியீடு டெர்மினலுக்குப் போனால் போடுங்கள், பைப்புக்குள் போனால் வேண்டாம்.

கேட்க மறந்தேன், ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராக இருக்கும் ஹார்ட் லிங்குகளையும் உங்கள் கருவி நகல் என்று காட்டுகிறதா? அவற்றில் ஒன்றை அழித்தால் துளி இடமும் மிச்சமாகாது. முதலில் அதைப் பாருங்கள்.