ஜிப் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிக் குளிர் இல்லை: டொரண்டோவில் முதல் குளிர்காலம் – வாசகர் கேள்வி பதில்

கனடாவின் டொரண்டோ, மார்க்கம், பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் பிள்ளைகளோடு குடியேறுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை நிறைய. பெரும்பாலானவை குளிரில் தொடங்கிப் பள்ளிக்கூடத்தில் போய் முடிகின்றன. அங்கே இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

ஜனவரியில் கிளம்புகிறோம். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. இங்கிருந்தே எத்தனை ஸ்வெட்டர் வாங்கிப் போவது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேரும்வரை தாங்க ஆளுக்கு ஒரு ஜாக்கெட், குல்லா, கையுறை போதும். மற்றதை அங்கே வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கம்பளி ஸ்வெட்டர் ஊட்டிக் குளிருக்கு ஆனது. அதில் காற்று புகும், பனி பட்டால் நனையும்.

ஒரே கனத்த உடையை நம்பாமல் மூன்று அடுக்காகப் போட வேண்டும். உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் பஞ்சுபோல் மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். தெர்மல் பருத்தியாக இருக்கக் கூடாது. நம் வெயிலுக்கு உகந்த பருத்தி அங்கே எதிரி. ஓடி விளையாடும் பிள்ளையின் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், ஓட்டம் நின்றதும் அந்த ஈரமே உடம்பைச் சில்லிட வைக்கும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி வாங்குங்கள்.

பூட்ஸ்தான் செலவு செய்ய வேண்டிய இடம். மைனஸ் 20 அல்லது 30 டிகிரி வரை என்று குறித்தது, உள்ளுறை தனியாகக் கழற்ற வருவது, காலைவிட அரை அளவு பெரியது என்று பாருங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை மாட்டி விடுவது பலர் செய்யும் தவறு. பூட்ஸுக்குள் கால் நெருக்கப்பட்டு ரத்த ஓட்டம் குறையும், விரல்கள் முன்னைவிடச் சீக்கிரம் விறைக்கும். கனத்த காலுறை ஒன்று, விரல் ஆட்ட இடம். அவ்வளவுதான் வேண்டும். ராத்திரி உள்ளுறையை உருவித் தனியே காய வையுங்கள். ஹீட்டர்மேல் நேராக வைத்தால் ரப்பர் வெடிக்கும், பசை விட்டுப்போகும். கசங்கிய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் இறங்கிவிடும்.

மிட்டன் ஆளுக்கு மூன்று ஜோடி வாங்குங்கள். ஒன்று தொலையும், ஒன்று நனைந்திருக்கும், ஒன்று கையில் இருக்கும். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட, விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் கதகதப்பு. பிப்ரவரிக் கடைசியிலேயே குளிர் உடைகள் தள்ளுபடிக்கு வந்துவிடும், அடுத்த வருஷத்து அளவை அப்போதே எடுத்துவிடலாம். பழைய துணிக் கடையில் ஸ்நோ பேன்ட் வாங்கத் தயங்க வேண்டாம். ஒரு சீசனில் பிள்ளை வளர்ந்துவிடுவதால் பாதி நல்ல நிலையில்தான் இருக்கும்.

என்ர மகனுக்கு நாலு வயசு. ஜூனியர் கிண்டர்கார்டனில சேர்த்திருக்கிறம். 'தானா உடுப்புப் போடப் பழக்குங்கோ' எண்டு டீச்சர் சொல்லுறா. சின்னப்பிள்ளை, இவ்வளவு உடுப்பை எப்பிடிப் போடுவான்?
– வாசகி, வவுனியாவிலிருந்து ஸ்கார்பரோ போனவர்

போடுவான், வரிசை தெரிந்தால். டீச்சர் கேட்பதிலும் நியாயம் உண்டு. வகுப்பில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் மாட்டிவிடத் தொடங்கினால் கடைசிப் பிள்ளை தயாராகும்முன் விளையாட்டு நேரம் முடிந்துவிடும். முதலில் தயாரான பிள்ளையோ உள்ளேயே வியர்த்துவிடும்.

வரிசை இது: ஸ்நோ பேன்ட், பூட்ஸ், ஜாக்கெட், கழுத்து உறை, குல்லா, கடைசியாக மிட்டன். இடம் மாறினால் எல்லாம் கெடும். பூட்ஸ் முதலில் போனால் பேன்ட் ஏறாது. மிட்டன் முதலில் போனால் ஜிப்பைப் பிடிக்க விரல் இருக்காது. ஸ்நோ பேன்டின் கீழ்விளிம்பு பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் பனி நேராகக் காலுறைக்குள் இறங்கும்.

ஜாக்கெட்டுக்கு ஒரு வித்தை உண்டு. தரையில் விரித்து, உட்புறம் மேலே தெரிய, கழுத்துப் பட்டி பிள்ளையின் கால்மாட்டில் வரும்படி வையுங்கள். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் கைப்பகுதிக்குள் விட்டுத் தலைக்குமேல் தூக்கிப் போட்டால் ஜாக்கெட் தானாக முதுகில் விழும். ஜிப்பின் இழுப்பானில் சாவி வளையம் ஒன்றைக் கோத்துவிடுங்கள், சின்ன விரலுக்குப் பிடி கிடைக்கும். ஜிப்பின் அடிமுனையைக் குழிக்குள் முழுசாக இறக்கிவிட்டுத்தான் மேலே இழுக்க வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். அதை மட்டும் வீட்டில் தினம் பத்துத் தடவை செய்ய வையுங்கள், இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

நீளத் துண்டு போல் சுற்றும் ஸ்கார்ஃப் வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. குழாய் போன்ற கழுத்து உறை போதும். ஜாக்கெட்டில் தொங்கும் நாடா இருந்தால் அதையும் உருவிவிடுங்கள். வகுப்புக்குள் போட வெல்க்ரோ வைத்த ஷூ ஒரு ஜோடி பள்ளியிலேயே இருக்கட்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். அலமாரியில் கறுப்பு மிட்டன்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

மைனஸ் 15 டிகிரியில்கூட வெளியே விளையாட விடுகிறார்களாமே! எங்கள் மகளை உள்ளேயே வைத்திருக்கக் கேட்கலாமா?
– வாசகர், சேலம்

உடல்நலக் காரணம் இல்லாமல் கேட்க வேண்டாம். தோழமை உருவாவது விளையாட்டு நேரத்தில்தான், புதுப் பிள்ளைக்கு அதுதான் முக்கியம். காற்றின் வேகத்தையும் கணக்கில் எடுத்துச் சொல்லும் 'விண்ட் சில்' எண்ணைத்தான் பள்ளிகள் பார்க்கின்றன. மைனஸ் 20-களில் நேரத்தைக் குறைப்பதும், மைனஸ் 28 அளவில் உள்ளேயே நிறுத்திவிடுவதும் டொரண்டோ பக்கத்து வழக்கம். காரணம் இருக்கிறது. விண்ட் சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், மைனஸ் 40-க்குக் கீழே 5 முதல் 10 நிமிடமே போதும்.

காது, மூக்கு, கன்னம், விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் தோல் புண்ணாகும். ஹீட்டர் முன்னால் காட்டவும் வேண்டாம், உணர்ச்சியற்ற தோல் சுடுவது தெரியாது. உள்ளே கூட்டி வந்து உள்ளங்கைச் சூட்டில் பொத்திப் பிடியுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். நிறம் திரும்பவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் மருத்துவரிடம்.

உண்மையில் மைனஸ் 10-ஐவிடப் பூஜ்ஜியம்தான் தொல்லை. மைனஸ் 10-இல் பனி உலர்ந்த மாவு போல் உதிரும். பூஜ்ஜியத்தில் அது சேறாகிப் பூட்ஸ், மிட்டன் எல்லாவற்றையும் நனைக்கும். அன்றைக்குத்தான் மாற்றுக் காலுறை பையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: பனி கொட்டும் நாளில் 'பஸ் ரத்து' வேறு, 'பள்ளி விடுமுறை' வேறு. பஸ் ரத்தானாலும் பள்ளி பெரும்பாலும் திறந்திருக்கும். காலையில் ரத்தான பஸ் மாலையிலும் வராது. நீங்கள் கொண்டுபோய் விட்டால் நீங்கள்தான் அழைத்து வர வேண்டும். அனுப்பவில்லையென்றால் காலையிலேயே பள்ளிக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை எங்கே என்று விசாரித்து உங்களுக்கு அழைப்பு வரும்.

மகள் இங்கே ஐந்தாம் வகுப்பு. அங்கே நான்கில்தான் சேர்ப்போம் என்கிறார்கள். ஒரு வருஷம் வீணாகிறதே?
– வாசகர், திருநெல்வேலி

வீணாகவில்லை. கணக்கு வேறு. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், பிள்ளை பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கிறார்கள். ஆறு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் முதல் வகுப்பு. 2016-இல் பிறந்த பிள்ளை, பிப்ரவரியானாலும் டிசம்பரானாலும், 2022 செப்டம்பரில் முதல் வகுப்பு. 2025 செப்டம்பரில் நான்கு. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்தால் முதல் வகுப்பு என்பதால், 2016 பிப்ரவரியில் பிறந்தவர் 2021 ஜூனிலேயே தொடங்கி 2025 ஜூனில் ஐந்துக்கு வந்திருப்பார். ஆக, ஆண்டின் முதல் பாதியில் பிறந்த பிள்ளைகள் அங்கே ஒரு வகுப்பு 'இறங்கியது' போலத் தெரியும். வகுப்பில் எல்லோரும் அதே வயதுதான்.

மேல்வகுப்புக்காக முட்டி மோத வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. பெருக்கல் வாய்ப்பாட்டில் முன்னால் இருக்கும் பிள்ளைகூட, 'இந்த விடை எப்படி வந்தது, எழுதிக் காட்டு' என்ற இடத்தில் திணறும். அங்கே கணக்குப் பாடத்தில் பாதி அந்த விளக்கம்தான். 'பி' கிடைத்தால் கலங்கவும் வேண்டாம். 70 முதல் 79 சதவீதம் வரையிலான அந்தப் பிரிவுதான் மாகாணம் எதிர்பார்க்கும் தரம். மதிப்பெண் அட்டையில் பொறுப்பு, தானே வேலை செய்தல், கூடிச் செய்தல் போன்ற ஆறு பழக்கங்களுக்குத் தனிக் குறியீடு உண்டு. அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் எல்லாம் போட்டாயிற்று. போதாதா?
– வாசகி, தஞ்சாவூர்

மூன்று இடங்களில் இடிக்கும். ஒன்று, நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மை–ருபெல்லா முதல் ஊசி 9 மாதத்தில் போடப்படுகிறது. ஒன்டாரியோவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. இரண்டு, அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை, அங்கே அது கட்டாயம். மூன்று, மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் தடுப்பூசியும், 2010-இலும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்குச் சின்னம்மைக்கான வேரிசெல்லா தடுப்பூசியும் கேட்பார்கள். நம் அரசு அட்டவணையில் இரண்டும் கிடையாது.

கிளம்புமுன் குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, விட்டவற்றைப் போட்டு, மருந்தின் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். அங்கே போனதும் அதை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறையில் பெற்றோர்தான் பதிய வேண்டும், மருத்துவர் போட்டதும் தானாகப் பதிவாகாது. பதியாமல் விட்டால் பிள்ளையை 20 பள்ளி நாட்கள் வரை இடைநிறுத்தச் சட்டத்தில் இடமுண்டு.

மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. என்ன கட்டுவது?
– வாசகி, பிராம்ப்டன்

சாப்பிட ஏறக்குறைய 20 நிமிடம்தான், சூடாக்கித் தரமாட்டார்கள். வாய் அகலமான தெர்மோஸில் கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாப்பாட்டை உடனே நிரப்புங்கள். குடுவையைச் சூடாக்காமல் போட்டால் சாப்பாட்டுச் சூட்டை அது உறிஞ்சிவிடும். சாம்பார் சாதம் நேரமாக ஆக இறுகும், ஒரு கரண்டி வெந்நீர் கூடுதலாக விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இட்லியை நான்காக வெட்டிப் போடுங்கள். தயிர்சாதத்துக்குத் தெர்மோஸ் வேண்டாம், சாதாரண டப்பாவும் பக்கத்தில் ஐஸ் பேக்கும்.

சாப்பாடு திரும்புவதற்குப் பல நேரம் சுவை காரணமில்லை, மூடிதான். உள்ளே ஆவி அடங்கியதும் காற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிள்ளையால் திறக்க முடியாது. வீட்டில் சூடாக நிரப்பி நான்கு மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

வேர்க்கடலை எதிலும் வேண்டாம்: சட்னி, எலுமிச்சைச் சாதம், பொடி. ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகும் பிள்ளைகளைக் காக்க 2005-இல் ஒன்டாரியோ சட்டம் இயற்றி, பள்ளிகளை நடத்தும் ஒவ்வொரு போர்டும் இதற்கென விதி வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கியது. முந்திரி, எள்ளுக்கும் தடை உண்டா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்.

வாரம் இரண்டு தடவை மூக்கில் ரத்தம். குளிராலா?
– வாசகர், மிசிசாகா

வீட்டுக்குள் உள்ள வறட்சியால். வெளிக்காற்றில் ஈரம் குறைவு, அதைச் சூடாக்கினால் இன்னும் வறளும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கி 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். குறைந்தால், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர். கூடிப்போனாலும் கெடுதல்: ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சட்டத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சோறு வடிக்கும்போதும் குளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது போல் அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். இப்படிப் பிடித்தும் நிற்காவிட்டாலோ, வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். குளித்துத் துவட்டிய கையோடு, ஈரம் முழுதும் காயுமுன் தோலுக்கு கிரீம் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் உதவும். கட்டியாக இருக்கிறதே என்று தூக்கிப் போடாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு.

வைட்டமின் டி பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை டொரண்டோ வெயிலில் தோல் அதைத் தயாரிக்கும் அளவுக்கு வலு இல்லை, கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவை. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 600 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு) பரிந்துரை. பசும்பாலில் சேர்த்தே விற்கிறார்கள், பால் குடிக்காத பிள்ளைக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை கொடுங்கள்.

காரில் போகும்போது ஜாக்கெட்டோடு பெல்ட் போடலாமா?
– வாசகி, மார்க்கம்

கூடாது. உப்பிய ஜாக்கெட்டுக்குள் இருப்பது காற்று. மோதலில் அது நசுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். ஃப்ளீஸோடு உட்கார வைத்துப் பட்டையை இறுக்கிவிட்டு, ஜாக்கெட்டை முன்பக்கமாகப் போர்த்துங்கள்.

என் மகனை ஆசிரியர் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். மூன்று வாரமாக அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை.
– வாசகர், மதுரையிலிருந்து போனவர்

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ, அப்படியே பள்ளிப் பதிவிலும் ஏறியிருக்கும். இனிஷியல் போடும் நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. பள்ளி அலுவலகத்தில் 'கூப்பிடும் பெயர்' என்ற இடத்தில் மகன் பெயரைப் பதியச் சொல்லுங்கள், சட்டப்படியான பெயர் மாறாமல் இதைச் செய்யலாம். பெயரை எப்படிச் சொல்வதென்று ஒரு சீட்டில் அசை பிரித்து எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.

பேசாமல் இருப்பது, புதுமொழிக்குள் போன பிள்ளைகளிடம் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூட இருக்கும். கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அதற்காக வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். 'வாஷ்ரூம் போகணும்', 'புரியல', 'ஜிப் மாட்டிக்கிச்சு, உதவி வேணும்', 'நானும் விளையாட வரலாமா' – இந்த நாலை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கி அனுப்புங்கள். மாதம் இரண்டு ஆகியும் வீட்டிலும் சுருண்டு கிடக்கிறான், சாப்பாடு தூக்கம் குறைகிறது என்றால், அடுத்த பெற்றோர் சந்திப்புவரை காத்திருக்காமல் வகுப்பு ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், டொரண்டோ பக்கத்தில் பல பள்ளிகள் ஏற்பாடு செய்து தரும்.