இரவு மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?

நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஹிஸ்டோன் என்ற புரதத்தைப் பற்றி. கை நடுங்குகிறது என்று, பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் இரவு வேளையை மூன்று வாரமாக நிறுத்திவிட்ட செய்தி மட்டும் கடைசி வரியில், போகிற போக்கில்! அம்மா கொடுத்து உங்களுக்குப் பொருத்திய சிறுநீரகத்துக்கு ஆபத்து அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

நிராகரிப்பு பெரும்பாலும் வலிக்காது. கால் வீங்கி, சிறுநீர் குறையட்டும் என்று காத்திருந்தால் நாள் கடந்துவிடும். முதலில் ஏறுவது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில். இன்றே உங்கள் சிறுநீரக மருத்துவரை அழைத்து உண்மையைச் சொல்லுங்கள். நாளைக் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவை அடுத்த வேளைக்கு முன்புதான் பார்ப்பார்கள். விட்ட வேளைக்கு ஈடாக இரட்டிப்பாக விழுங்காதீர்கள். நடுக்கம் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. டோஸை மாற்றிச் சரிசெய்ய வழி உண்டு. அது மருத்துவர் வேலை.

சரி, ஹிஸ்டோன். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழை சுற்றியிருக்கும் கட்டை அது. உள்ளே இருக்கும்வரை சாது. உயிரணு சிதைந்து ரத்தத்தில் கலந்தால் ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும், தட்டணுக்களைக் கிளப்பி ரத்தத்தை உறையவைக்கும். ஹிஸ்டோனை வெட்டிப்போட நம் ரத்தத்தில் 'புரோட்டீன் சி' இருக்கிறது. அந்தப் புரோட்டீனை முடுக்கிவிடுவது குழாய்ச் சுவரிலுள்ள திராம்போமாடுலின் என்ற இன்னொரு புரதம். பன்றி உறுப்பைப் பொருத்தும்போதுதான் சிக்கல்: பன்றியின் திராம்போமாடுலினால் மனித ரத்தத்தில் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. பன்றி உறுப்பு பொருத்திய பபூன் குரங்குகளில் ஹிஸ்டோனை ஆராய்ந்திருக்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு மனிதருக்குப் பொருத்திய பன்றி இதயத்திலும் மனிதத் திராம்போமாடுலின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். உங்களுக்குள் இருப்பது அம்மாவின் சிறுநீரகம், பன்றியுடையது அல்ல. ஹிஸ்டோன் பரிசோதனை கேட்டு லேப் லேபாக அலைய வேண்டாம்.

பன்றிச் சிறுநீரகக் கதைதான் வேண்டுமென்றால் டோவானா லூனி என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையைப் படியுங்கள். 2024 நவம்பரில் நியூயார்க்கில் அவருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகம் 130 நாள் உழைத்தது. இடையில் ஒரு தொற்றுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை மருத்துவர்களே குறைத்தார்கள். நிராகரிப்பு வந்து, 2025 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அப்படி. நீங்கள் வீட்டிலிருந்தபடி பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள்.

அம்மாவுக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவரிடம் இன்றைக்கே.