கரையில ஒதுங்குன திமிங்கலம் செத்தது நம்ம ஊரு சூட்டுனாலயா?

குமரி மாவட்டம் கடியபட்டணம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. போன வருசம் அவங்க கரையில கருப்பா ஒரு திமிங்கலம் ஒதுங்கிச்சாம், ஒரு 12 அடி இருக்குமாம், தலை பானையை கவுத்து வச்ச மாதிரி உருண்டையா இருந்துச்சாம். பயலுவ வால்ல கயிறு கட்டி ஃபைபர் போட்டுல இழுத்து ஆழத்துல விட்டிருக்கானுவ, அது திரும்ப கரைக்கே வந்து மத்தியானத்துக்குள்ள செத்துப்போச்சு. "ஐஸ் கடல்ல கெடக்குற ஜந்து, நம்ம சூடு தாங்கலன்னு பெருசுங்க சொல்லுதாங்க, எட்டாங்கிளாஸ் படிக்கிற மவளும் அதையேதான் சொல்லுதா, உள்ளதா? இனி ஒண்ணு வந்தா நாங்க என்ன செய்யணும்?"

அண்ணே, பெருசுங்க சொன்னதுல பாதி சரி. சூடும் ஒரு காரணம்தான், ஆனா அது நம்ம ஊரு கடலோட சூடு இல்ல, அதோட சொந்த உடம்புச் சூடு.

நம்ம மீன் பெட்டி தெர்மாகோலை எடுத்துக்கோங்க. ஐஸ் போட்டா உருக விடாது, அதே பெட்டியில சுடுசோறு வச்சா ஆறவும் விடாது. திமிங்கலத்தோட தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பும் அப்படித்தான். அது மீன் கிடையாது, நம்மள மாதிரி குட்டி போட்டு பால் குடுக்குற ஜந்து, உடம்பு சூடும் கிட்டத்தட்ட நம்ம அளவுதான், 36, 37 டிகிரி. வெள்ளமோ, அதான் தண்ணி, காத்தைவிட 25 மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சும், ராத்திரி கடல்ல விழுந்து ரெண்டு மணி நேரம் கெடந்தவனைக் கேட்டா சொல்லுவான், நம்ம கடல்லயே பல்லு கிட்டும். அப்போ ஆர்க்டிக்ல ஐஸுக்கு நடுவுல வருசம் பூரா கெடக்குறது எப்படி? அங்க போஹெட்னு ஒண்ணு இருக்கு, வில் மாதிரி வளைஞ்ச வாய், உடம்புல மூணுல ஒரு பங்கு தலைதான், அந்தத் தலையால ஐஸை முட்டி உடைச்சு மூச்சு விடும், கொழுப்பு கிட்டத்தட்ட அரை மீட்டர் கனம். (ஆயுசும் 200 வருசத்துக்கு மேல போகும். 2007-ல அலாஸ்காவுல பிடிச்ச ஒண்ணோட உடம்புக்குள்ள 1800-கள்ல செஞ்ச வெடி ஈட்டித் துண்டு இருந்துச்சு, அதையும் சுமந்துட்டு நூறு வருசத்துக்கு மேல நீந்தியிருக்கு!)

போஹெட், பெலுகா, நார்வால் மூணும்தான் வருசம் முழுக்க ஆர்க்டிக்லயே கெடக்குற திமிங்கலங்க, மூணுக்கும் முதுகுல துடுப்பு கிடையாது. ஐஸுக்கு அடியில இடிக்காம நீந்தவும் வசதி, சூடு வெளிய போறதுக்கும் ஒரு வழி குறைவு. ஏன்னா துடுப்புலயும் வால்லயும் கொழுப்பு ரொம்ப இல்ல, அங்க சூடான ரத்தம் போற குழாயைச் சுத்தியே குளிர்ந்த ரத்தம் திரும்புற குழாய்ங்க ஓடும், போற சூட்டை வர்றது வாங்கிக்கிட்டு உடம்புக்குள்ளயே திருப்பிக் கொண்டாந்துரும். சூடு ஏறிப்போனா ரத்தத்தை மேல்தோல் பக்கமா விட்டு ஆத்திக்கும், பைக் எஞ்சின்ல இருக்குற தகடு மாதிரின்னு வச்சுக்கோங்க.

மவள்கிட்ட இதையும் சொல்லுங்க, எல்லாத் திமிங்கலமும் குளிர் கடல் ஜந்து இல்ல. கூன் முதுகுத் திமிங்கலம்லாம் குளிர் கடலுக்குப் போறது சாப்பாட்டுக்கு, அங்க கோடைல நம்ம கூனி மாதிரி பொடி எறா கும்பல் கும்பலா கெடக்கும், தின்னு கொழுத்துட்டு குட்டி போட சூடான கடலுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். ஆனா அரபிக்கடல்ல ஒரு கூட்டம் எங்கயும் போகாம இங்கயே கெடக்கு, மொத்தமே நூறுக்குள்ளதான் இருக்கும்னு கணக்கு. 2017 நவம்பர்ல ஓமன்ல ஒரு பொட்டைக்கு சாட்டிலைட் டேக் மாட்டி விட்டாங்க, பேரு லுபான், அது அரபிக்கடலை நேரா கடந்து நம்ம குமரிமுனை பக்கம் மன்னார் வளைகுடா வரைக்கும் வந்துச்சு. குமரிக்குத் தெக்க மீன் நெறைய கெடக்குற கடல்மேடு இருக்குல்ல, வெட்ஜ் பேங்க், அங்க மீனுக்கு கொறச்சலா என்ன, வராம இருக்க.

உங்க கரையில வந்தது நீங்க சொல்லுற அடையாளத்துக்கு பைலட் திமிங்கலமா இருக்கத்தான் வாய்ப்பு. அதுல ரெண்டு சாதி, நீளத்துடுப்பு உள்ளது குளிர் கடல்ல, குட்டைத்துடுப்பு உள்ளது நம்மள மாதிரி வெதுவெதுப்பான கடல்ல, அதனால அது வழி தப்பி ஐஸ்ல இருந்து வந்ததெல்லாம் இல்ல. மணப்பாடு பக்கம் 1973-ல 147, 2016 ஜனவரியில 80-க்கு மேல ஒதுங்குனது இந்தக் குட்டைத்துடுப்பு சாதிதான். அப்பவும் இழுத்து விட்டதுல பல திரும்பவும் கரைக்கே வந்துச்சு. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜந்து, ஒண்ணு சீக்கா கரைக்கு வந்தா மத்ததும் பின்னாலயே வரும். ஒத்தையா வந்ததுன்னா அனேகமா முன்னாடியே சீக்காத்தான் இருந்திருக்கும்.

கடல்ல வெள்ளம் அதைத் தாங்கும், சூட்டையும் இழுத்துக்கும். மணல்ல ரெண்டுமே போச்சு, சொந்த வெயிட்டே நெஞ்சை அமுக்கும், அந்தக் கொழுப்புப் பெட்டிக்குள்ள உள்சூடு ஏறிட்டே இருக்கும், மேல நம்ம பத்து மணி வெயிலு வேற. அதனால முதல் வேலை இழுக்குறது இல்லண்ணே, ஆத்துறதுதான். குப்புறக் கெடக்குற மாதிரி நிமித்தி வைங்க, பழைய சாரம், பெட்ஷீட் நனைச்சு முதுகுல போடுங்க, தலை உச்சியில மூச்சு விடுற ஓட்டை இருக்கும், அதுல துணியும் படக்கூடாது, ஒரு சொட்டு வெள்ளமும் போகக்கூடாது. துடுப்பையும் வாலையும் மூடாதீங்க, சூடு போற வழியே அதுதான், மக்கிலயோ வாளியிலயோ கடல்வெள்ளம் மொண்டு ஊத்திக்கிட்டே இருங்க. துடுப்புக்கு அடியில குழி தோண்டி வெள்ளம் நிறைச்சு விட்டா கொஞ்சம் ஆசுவாசமா இருக்கும். முடிஞ்சா நாலு கம்பு நட்டு தார்ப்பாய் கட்டுங்க. வால்ல கயிறு கட்டி இழுத்தா எலும்பு விலகிரும். வால் பக்கம் ஆளு நிக்கவும் கூடாது, ஒரு அடி பட்டா போச்சு, அது விடுற மூச்சை முகத்துல வாங்காதீங்க, கிருமி இருக்கும்.

இதையெல்லாம் ஆளுக்கொரு கையா பாக்கும்போதே ஒருத்தர் ஃபாரஸ்ட் ஆபீசுக்கு சொல்லிரணும், நம்பர் கையில இல்லன்னா கடலோரப் போலீஸ் 1093. திருப்பி கடல்ல விடலாமா வேண்டாமான்னு டாக்டர் பாத்துதான் முடிவு பண்ணணும். செத்துட்டா ஏறி நின்னு செல்ஃபி எடுக்க விடாதீங்க, செத்த பிறகும் அந்தக் கொழுப்பு சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், உள்ள சீக்கிரம் அழுகி கேஸ் அடைச்சு வயிறு வீங்கும், 2004-ல தைவான்ல லாரில ஏத்திக்கொண்டு போன ஒண்ணு நடுத்தெருவுல வெடிச்சு கடைங்க மேலயெல்லாம் கொடலு. பல்லு, எலும்புன்னு எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் விடாதீங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல கேஸ் ஆயிரும்.