ஜப்பானில் ஆளில்லாத ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்காமல் போய்விட முடியாதா?

ஜப்பான் கிராமத்து ஸ்டேஷன்களில் ஊழியரே கிடையாதாமே, ஜனங்கள் அவ்வளவு நேர்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் வீடியோ ஏதோ பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நேர்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரயில்வேக்காரன் அதை மட்டும் நம்பி வண்டி ஓட்டவில்லை.

தெற்கு ரயில்வேயில் டிடிஇயாக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா இங்கே வந்திருந்தபோது, ஷிகொக்கு தீவில் எஹிமே பக்கம் இருக்கும் ஷிமோநாடா ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். கடலைப் பார்த்தபடி ஒரே பிளாட்பாரம், சின்னக் கூரை, பெஞ்சு. 1935இல் திறந்தது. 1986இல் உச்சிகோ என்ற ஊர் வழியாகக் குறுக்குப்பாதை வந்ததும் விரைவு வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பழைய ரயில்வே போஸ்டர்களால் பேர் பெற்ற இடம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாதிப் பேர் காரில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு காரிலேயே போய்விடுகிறார்கள். ரயில்வேக்கு அதில் ஒரு யென் கிடையாது.

மாமா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கேட் எங்கடா? செக் பண்ண யாரு?” என்பதே அவர் கவலை.

ஒற்றைப் பெட்டி வண்டி வந்தது. பின்கதவில் ஏறினால் ஒரு மெஷின் துண்டுச்சீட்டு நீட்டும், அதில் ஓர் எண். டிரைவர் தலைக்கு மேலே ஒரு பலகை. உங்கள் எண்ணுக்குக் கீழே இருக்கும் கட்டணம் ஊர் தாண்டத் தாண்ட ஏறிக்கொண்டே போகும். ஆளில்லாத ஸ்டேஷனில் முன்கதவு மட்டும்தான் திறக்கும். டிரைவர் திரும்பி உட்கார்ந்து சீட்டையும் காசையும் பார்க்கிறார், பள்ளிப் பிள்ளைகளின் பாஸையும் பார்க்கிறார். காசு பெட்டிக்குள் போகிறது. மீதி வராது, சில்லறை மாற்ற அதிலேயே ஒரு துளை உண்டு, நோட்டு என்றால் 1000 யென் மட்டும்தான். சீட்டு இல்லையென்றால் வண்டி புறப்பட்ட ஊரிலிருந்தே கட்டணம் கேட்கலாம். பெரிய ஸ்டேஷனில் இறங்கினால் வாசலில் ஆள் இருப்பார், அவரிடம் கட்ட வேண்டும்.

மாமா நின்றபடியே எல்லாவற்றையும் நோட்டம் விட்டார். “இவனே டிரைவர், இவனே கார்டு, இவனே டிடிஇ. மூணு சம்பளமா கொடுக்கிறான்?”

ஒரு சம்பளம்தான். கூட்டம் குறைந்த தடத்துக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகாது. ஏமாற்ற வழியே இல்லையா என்றால், உண்டு. பிடிபட்டால் கட்டணத்தோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் உண்டு. இதைச் சொன்னால் ‘ஜப்பானைக் குறை சொல்கிறான்’ என்று சிலர் கிளம்புவார்கள். குறை சொல்லவில்லை ஐயா, பத்து வருஷத்துக்கு மேல் இங்கேதான் வரி கட்டுகிறேன்.

நம்பிக்கை என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். யோகோஹாமாவில் வாடகை வீடு தேடியபோது, நிரந்தர வேலை இருந்தும் ‘உத்தரவாதம் தர ஜப்பானியர் யாராவது உண்டா’ என்றுதான் முதல் கேள்வி. கடைசியில் உத்தரவாத கம்பெனிக்குக் காசு கட்டித்தான் சாவி வாங்கினேன். இப்போதும் வருஷா வருஷம் அதற்கு ஒரு தொகை போகிறது. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, பிறகும் எதற்கு என்று ஏஜெண்டிடம் கேட்டால் தலையைக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்கிறார், தொகையைக் குறைக்க மாட்டேன் என்கிறார்.