‘முன்னுக்குப் பின் முரண்’ என்று தஞ்சக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள்: மேன்முறையீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவன். 2023இல் விசிட் விசாவில் லண்டன் வந்து, ஐந்து மாதம் கழித்துத் தஞ்சம் கேட்டேன். காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டங்களில் முன்னுக்கு நின்றதால் இரண்டு தடவை பிடித்துக்கொண்டுபோய் அடித்தார்கள். முதுகில் சூடு வைத்த தழும்பு இருக்கிறது. ஸ்கிரீனிங்கில், அதாவது தஞ்சம் கேட்டதும் நடந்த முதல் நேர்காணலில், ஒரு தடவை பிடிபட்டதை மட்டும் சொன்னேன். பெரிய இன்டர்வியூவில் பிடிபட்ட மாதமும் மாறிப்போனது. ‘தேடப்படுபவர் சொந்தப் பாஸ்போர்ட்டில் விமான நிலையம் தாண்டியதை நம்ப முடியாது’ என்று ஹோம் ஆபிஸ் (பிரிட்டிஷ் உள்துறை) மறுத்துவிட்டது. போன கிழமை கடிதம் வந்தது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நாள் குறைவு. முடிவு அனுப்பப்பட்ட திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீடு தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இன்றே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

ஸ்கிரீனிங்கில் சொல்லாமல் விட்டது உங்களைப் பயமுறுத்துகிறது என்று தெரிகிறது. அங்கே நீங்கள் யார், எப்படி வந்தீர்கள் என்பதுதான் முக்கியக் கேள்வி. ஏன் திரும்ப முடியாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லத்தான் விடுவார்கள். அதில் விரிவு இல்லை என்பதை வைத்து மட்டும் ஒருவரைப் பொய்யர் என்று நீதிபதி முடிவுகட்டக் கூடாது. மாதம் மாறிய இடத்துக்கு, இன்டர்வியூவின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் ‘பங்குனி’ என்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ‘பெப்ரவரி’ ஆக்கியிருந்தால், பிழை எங்கே என்று காட்டிவிடலாம். பிழை உங்களுடையதாக இருந்தால் அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். ஒட்டுப்போடப் புதுக் கதை வேண்டாம். வழக்குகள் விழுவது பெரும்பாலும் அந்தப் புதுக் கதையால்தான்.

தழும்புதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. இலங்கைத் தமிழர் ஒருவரின் கே.வி. வழக்கில், முதுகிலும் கையிலும் இருந்த, சூடு வைத்த தழும்புகளை அவரே வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று மேல் தீர்ப்பாயம் சந்தேகப்பட்டது. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2019இல் அந்தத் தீர்ப்பை நீக்கி, மறுபடி விசாரிக்க அனுப்பியது. காயத்தின் தோற்றத்தை மட்டுமல்ல, நீங்கள் சொல்லும் விதத்தில் அது உண்டாகியிருக்க முடியுமா என்பதையும் மருத்துவர் சொல்லலாம் என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. ஆகவே சாதாரண ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கடிதம் போதாது. சித்திரவதைக் காயங்களை ஆராய்ந்து பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி எழுதும் சட்ட மருத்துவ அறிக்கை வேண்டும். ‘கதையை நம்பவில்லை, ஆகவே மருத்துவ அறிக்கைக்கும் மதிப்பில்லை’ என்று நீதிபதி போக முடியாது. எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இலேயே சொல்லிவிட்டது.

விமான நிலையம்: யார் மூலம் போனீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த கவுண்டரில் நின்றீர்கள் என்பதையெல்லாம் வாக்குமூலத்தில் எழுதுங்கள். ‘இது நடந்திருக்காது’ என்று இங்கிலாந்துக் கண்ணால் பார்த்துத் தள்ளக் கூடாது, அந்த நாட்டு நிலவரத்தை வைத்தே அளக்க வேண்டும் என்பதற்கு 2006 முதல் தீர்ப்புகள் இருக்கின்றன.

ஐந்து மாதத் தாமதத்துக்கும் காரணம் எழுதுங்கள். அது ஒன்றே வழக்கை முடித்துவிடாது.

ஒரு கடினமான விஷயமும் இருக்கிறது. 2022 ஜூன் 28 முதல் பதிவான கோரிக்கைகளில், நீங்கள் அரசியல் கருத்து உள்ளவர், உண்மையில் பயப்படுகிறீர்கள் என்ற இரண்டையும் ‘பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். திரும்பினால் துன்புறுத்துவார்களா என்பதற்கு மட்டும் பழைய, குறைந்த அளவுகோல்: அப்படி நடக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும். இதனால்தான் சித்திரவதையைத் தடைசெய்யும், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆவது பிரிவையும் கட்டாயம் மேன்முறையீட்டில் சேர்க்கச் சொல்கிறேன். அங்கே முழுக்கக் குறைந்த அளவுகோலே பொருந்தும். மேலே சொன்ன இரண்டில் ஒன்றில் தடுக்கினாலும் இந்தக் கதவு திறந்திருக்கும்.

இலங்கைச் சட்டத்தரணியின் கடிதம், பொலிஸ் அழைப்பாணை இருந்தால் நல்லது. ஆனால் அவை எப்படிக் கைக்கு வந்தன என்பதைத் தபால் உறையோடு காட்ட வேண்டும். போலிக் கடிதம் ஒன்று சேர்ந்தாலும் உண்மையான தழும்பையும் அது சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். படம் எடுப்பதற்காக மட்டும் லண்டன் ஆர்ப்பாட்டங்களுக்குப் போவதிலும் பயனில்லை. இலங்கை வழக்குகளுக்கு மேல் தீர்ப்பாயம் தந்த 2021 வழிகாட்டித் தீர்ப்பின்படி, கூட்டத்தில் நின்றதல்ல, புலம்பெயர் தமிழரின் தனிநாட்டு (பிரிவினை) அரசியலில் உங்களுக்கு முக்கியமான பங்கு இருப்பதாக இலங்கை அரசு கருதுமா என்பதே கேள்வி.

விசாரணை அன்று ஞாபகம் இல்லாததை ‘ஞாபகம் இல்லை’ என்றே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசும் தமிழ் விளங்காவிட்டால், உடனே கையைத் தூக்கி நீதிபதியிடம் சொல்லுங்கள். அது பதிவாக வேண்டும்.